நாவல் எழுதியாச்சு... கடிதம் எழுதணுமே!

பால்காரருக்குச் சீட்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க மனு, அம்மா வீட்டுக்கு நாலு வரி - குடும்பப் பெண்களான நமக்குக் கடிதம் எழுதுவது புதிதா என்ன? ஆனால், "நான் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், தயவு செய்து படித்துப் பாருங்கள்" என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதுகிற கடிதம் இருக்கிறதே, அது வேறு ரகம்! நாவலை எழுத எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அதை அனுப்புவதற்கான ஒரு பக்கக் கடிதத்துக்கு முழுசாக ஒரு மாதம் பிடித்தது. என்னைப் போல் மத்தியான வேளையில் நோட்டும் பேனாவுமாக உட்காருகிற சகோதரிகளுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. கூடத்தில் ஒரு பட்டுத் தறி. என் வீட்டுக்காரர் நெய்கிறார். நான் தார் சுற்றிக் கொடுப்பேன். கல்யாணமாகி வந்த முப்பது வருஷமாக இதே வேலைதான். பையனும் பெண்ணும் தலையெடுத்த பிறகு, தறிச் சத்தம் ஓய்ந்த நேரங்களில் நீள நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஒரு நோட்டு ஏழு நோட்டாயிற்று.

"சித்தி, எழுதி முடிச்சா மட்டும் போதாது. அனுப்பணும்" என்றாள் என் அக்கா மகள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறாள். அவள் சொல்லித்தான் எனக்கு 'லிட்டரரி ஏஜெண்ட்' என்று ஒருவர் இருப்பதே தெரியும்.

கல்யாணத் தரகர் போலத்தான் அவரும். எழுதுகிறவருக்கும் பதிப்பாளருக்கும் நடுவில் நிற்பவர். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பதிப்பாளர்கள் பலர், ஏஜெண்ட் மூலம் வராத கையெழுத்துப் பிரதியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லையாம். அதனால் அங்கே எழுதுகிறவர்கள் முதலில் ஏஜெண்டுக்கு ஒரு பக்கக் கடிதம் போடுகிறார்கள். அது பிடித்திருந்தால் முதல் சில அத்தியாயங்களைக் கேட்பார். அதுவும் பிடித்தால் முழு நாவல். புத்தகம் விலை போனால்தான் அவருக்குக் கமிஷன். வழக்கமாக 100க்கு 15, வெளிநாட்டு உரிமை என்றால் 20 வரை. டில்லி, ஜெய்ப்பூர் போன்ற நம் ஊர்களிலும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும், ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பாகும் புத்தகங்களுக்கும்தான்.

தமிழில் எழுதும் நமக்குத் தரகர் கிடையாது. நாமேதான் நேரே பதிப்பாளருக்கோ பத்திரிகை ஆசிரியருக்கோ எழுத வேண்டும். அப்படியென்றால் நம்முடைய கடிதம் இரண்டு வேலை செய்ய வேண்டும் அல்லவா? நம் கதையையும் சொல்ல வேண்டும். நமக்காகப் பரிந்து பேசவும் வேண்டும்.

நமக்கு முன்னால் போனவர்களை நினைத்தால் தைரியம் வருகிறது. வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடமே போகாதவர். ஐந்தரை வயதில் கல்யாணம். தன் முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருத்தி எழுதினாராம். 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே ஏற்று நடத்த ஆரம்பித்துவிட்டார். யாருக்கும் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை! 115 நாவல்கள் எழுதினார். டாக்டர் லக்ஷ்மி, மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே 'ஆனந்த விகட'னில் எழுதி, அந்தப் பணத்தில் படிப்பைத் தொடர்ந்தவர். 1984ல் அவருக்குச் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. துவரங்குறிச்சியின் சல்மா, வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலையில், எழுதியதைத் தாயார் மூலமாக வெளியே அனுப்பியவர். அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004ல் வெளியாகி, பிறகு ஆங்கிலத்துக்கும் போயிற்று. 2025ல் பக்கத்துக் கர்நாடகத்தின் பானு முஷ்டாக், கன்னடச் சிறுகதைகளுக்காக சர்வதேச புக்கர் பரிசு வாங்கினாரே! 50,000 பவுண்டுப் பரிசில் மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கும் சரிபாதி.

சரி, கடிதத்தில் என்னதான் எழுதுவது? எங்கள் ஊர் காந்தி ரோடு ஜவுளிக் கடைக்கு வந்திருப்பீர்கள். கடைக்காரர் எடுத்தவுடனேயே புடவை முழுவதையுமா பிரித்துப் போடுகிறார்? முந்தானையைக் காட்டுவார், கரையைக் காட்டுவார், உடம்பு என்ன கலர் என்று காட்டுவார். பிடித்தால் நீங்களே "பிரிங்க, பார்க்கலாம்" என்பீர்கள். இந்தக் கடிதமும் அவ்வளவுதான். "பிரிங்க, பார்க்கலாம்" என்று அவர் கேட்க வேண்டும்.

அக்கா மகள் ஐந்து விஷயம் எழுதிக் கொடுத்தாள். ஒன்று, நாவலின் பெயர், சுமாராக எத்தனை சொற்கள், எழுதி முடித்தாயிற்றா என்பது. இரண்டு, இது யாருடைய கதை, அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் எதை இழப்பாள் - இதெல்லாம் நாலைந்து வரிக்குள். மூன்று, இதே உலகத்தைப் பற்றி முன்னால் வந்த புத்தகம் எது, நம்முடையது அதிலிருந்து எப்படி வேறு என்பது. நான்கு, இதை எழுத நமக்கு என்ன தகுதி. ஐந்து, விலாசமும் நன்றியும். மொத்தம் ஒரே பக்கம்.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் என் பேனா நின்றது. முன்னூறு பக்கத்தில் அப்படி இப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னதை நாலு வரியில் சொன்னால், அது யார் என்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஏனென்றால் அது என் நாத்தனாரின் கதை.

கோர்வைப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனியாக நாடா ஓட வேண்டும். அதைத் தள்ளிக் கொடுக்க நெசவுக்காரர் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க முடியாத வீட்டில் அந்த ஆள் யார்? குழந்தைதான். 1984ல் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு என் மாமனார் முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அதை நெய்து அடைக்க, ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த கடைசிப் பெண்ணை நிறுத்திப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அண்ணன் மட்டும் பத்தாவது வரை படித்தார். அந்த அண்ணன்தான் என் வீட்டுக்காரர்! 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. நெசவு வேலையும் அதில் இருந்தது. ஆனால் சொந்தக் குடும்பத்தோடு செய்கிற வேலைக்கு விலக்கு. எங்கள் கூடத்துக்குள் அந்தச் சட்டம் வரவே இல்லை.

கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அவளை நிறுத்திட்டு என்னைப் படிக்க வெச்சாங்க. அதை யாரோ ஒருத்தருக்கு லெட்டர் போட்டுச் சொல்லணுமா?" என்றார். கோபமில்லை. குரல்தான் ஒரு மாதிரி இருந்தது.

"நீங்களும் நானும் முடிவு பண்ற விஷயமில்லைங்க இது. அவங்களைக் கேட்கணும்" என்றேன்.

நாத்தனாரைச் சின்ன காஞ்சிபுரத்தில் கொடுத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பதினைந்து நாளில் படித்துவிட்டு அவளே வந்தாள். நோட்டுகளை மேஜை மேல் வைத்தாள்.

"அண்ணி, அது நான்தானே?"

"ஆமாம்மா. நீ வேணாம்னு சொன்னா இதைப் பெட்டியில வெச்சுப் பூட்டிடுவேன்" என்றேன். ஆறு வருஷ உழைப்பு. சொல்லும்போது தொண்டை அடைத்தது. ஆனால் மனசாரத்தான் சொன்னேன்.

"பூட்ட வேணாம். ஒண்ணே ஒண்ணு சொல்லணும். தறிகிட்ட உட்கார வெச்ச அன்னிக்கு நான் அழல அண்ணி. கோர்வை நல்லா விழுந்துச்சுன்னு அப்பா தட்டிக் கொடுத்தாரு. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? இப்ப நெனச்சா அந்தச் சந்தோஷத்து மேலதான் கோபம் கோபமா வருது. எழுதறதா இருந்தா அதை எழுதுங்க."

இவர் தறியிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கைக்குக் காப்பி கலந்து கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் காப்பி கலந்து நான் பார்த்தது அன்றுதான்!

அன்று ராத்திரியே கடிதம் முடிந்தது. இதோ:

"ஐயா, வணக்கம். 'கரை நாடா' என்ற என் முதல் நாவலைத் தங்கள் பார்வைக்கு அனுப்ப விரும்புகிறேன். எழுதி முடித்துக் கணினியில் ஏற்றியாயிற்று. சுமார் 60,000 சொற்கள்.

1984, காஞ்சிபுரம். கணக்கில் கெட்டிக்காரியான பதினோரு வயது வள்ளியை, முதலாளியிடம் வாங்கிய கடனுக்காகப் பள்ளியை விட்டு நிறுத்தித் தறிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். கோர்வை நன்றாக விழுந்தால் அவளுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் தான் எதை இழந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்துத் தன் மகளின் படிப்பையும் நிறுத்தப் பேச்சு வரும்போது தெரிகிறது. மகளோடு நின்றால் புருஷன் வீடு இல்லை. வீட்டோடு நின்றால் மகள் இல்லை.

நெல்லைப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்களைப் பற்றி தொ.மு.சி. ரகுநாதன் 1953ல் 'பஞ்சும் பசியும்' எழுதினார். என்னுடையது பட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கதை.

நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது வருஷமாகத் தறிக்குத் தார் சுற்றுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். கேட்டால் முழுவதையும் அனுப்புகிறேன். நன்றி."

"தகுதி" என்ற இடத்தில் பலர் "நான் வெறும் இல்லத்தரசி, பிழை பொறுத்தருள்க" என்று எழுதிவிடுகிறார்களாம். வேண்டாம், சகோதரிகளே! ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தீர்களா, கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேருக்குச் சமைத்தீர்களா, காது கேளாத குழந்தையை வளர்த்தீர்களா? கதை அதைப் பற்றியது என்றால் அதுதான் தகுதி. பட்டம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். "வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள்" என்பதும் வேண்டாம். நம் வீட்டுக்காரர்கள் பாராட்டாமல் வேறு யார் பாராட்டுவார்கள்?

இன்னும் சில விஷயங்கள்:

அனுப்புமுன் அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்கள் இரண்டையாவது நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். சமையல் புத்தகம் போடுபவருக்கு நாவலை அனுப்பி என்ன பயன்? தபாலில் வேண்டுமா, மின்னஞ்சலில் வேண்டுமா, எத்தனை பக்கம் என்று கேட்டு அதன்படியே அனுப்புங்கள். முன்பெல்லாம் தபால்தலை ஒட்டிய சுயவிலாசக் கவர் வைக்காவிட்டால் கதை திரும்பி வராது. தபாலில் அனுப்பினால் அந்தப் பழக்கம் இன்றைக்கும் நல்லதுதான். பிரதி ஒன்று கட்டாயம் உங்களிடம் இருக்கட்டும். யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பினோம் என்று பால் கணக்கு எழுதுவது போல் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பணம் விஷயத்தில் ஜாக்கிரதை. "படித்துப் பார்க்கவே கட்டணம்" என்று கேட்பவர் நல்ல ஏஜெண்ட் இல்லை. "பணம் கட்டுங்கள், புத்தகமாக்கித் தருகிறோம்" என்பது அச்சுக்கூலி வியாபாரம். தெரிந்தே போட விரும்பினால் அது உங்கள் இஷ்டம்; ஆனால் நகையை அடகு வைத்துப் போடாதீர்கள்.

அப்புறம், காத்திருக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் பார்த்துவிட்டு, மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம். எங்கள் ஊர் அத்திவரதர் 1979ல் குளத்துக்குள் போனவர், 2019ல்தான் வெளியே வந்து தரிசனம் தந்தார். நாற்பது வருஷம் காத்திருந்த ஊர்க்காரி நான், எட்டு வாரம் காத்திருக்க மாட்டேனா!

நாலு பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்த்து, ரசீதைப் பத்திரமாக எடுத்து வந்தவர் என் வீட்டுக்காரர். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஒருவர், "இப்போது நாவல் போடும் நிலையில் இல்லை" என்று கௌரவமாக எழுதினார். நாலாமவர், "முழு நாவலையும் அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார். அனுப்பி ஐந்து வாரமாகிறது. என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியாது. இதற்குள் என் அக்கா மகள் முதல் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறாள், ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் போடலாம் என்று!

உங்கள் பெட்டியிலும் ஒரு நோட்டு தூங்குகிறதா? இன்று மத்தியானம் சமையலறையை ஒழித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். இது யாருடைய கதை, அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று நாலு வரி எழுதிப் பாருங்கள். அது வேறொருவருடைய வாழ்க்கை என்றால், தபாலில் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் சொல்லப் போகிற பதிலில் உங்கள் கதைக்கு வேண்டிய ஒரு வரி இருந்தாலும் இருக்கும்!