நீதிமன்றம் எந்த ஊரில் இருக்கிறது?

விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. மாவட்ட முதன்மை நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வெளியூர்த் தோழர்கள் வாய்தாவுக்கு வரும்போது விருதுநகரில் இறங்கிவிட்டு எங்களுக்கு போன் போடுவது வாடிக்கை. இது நம் மாவட்டத்துக்கு மட்டுமான கூத்தும் அல்ல. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கும் மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில்தான் இருந்தது.

கான்சாபுரத்து மக்களுக்கு இந்த ஏற்பாட்டில் லாபம்தான். மலையடிவாரத்திலிருந்து காலையில் பேருந்து ஏறினால் நீதிமன்றம் கூடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கிழக்குக் கோடியில் இருக்கும் நரிக்குடிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பக்கத்து ஊர் மானாமதுரை. ஆனால் அது சிவகங்கை மாவட்டம். சாட்சி சொல்ல அவர்கள் மாவட்டத்தையே குறுக்காகக் கடந்து வர வேண்டும்.

இந்த எல்லைகளை யார் போடுகிறார்கள் என்பதைச் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாநிலத்தை அமர்வுப் பிரிவுகளாகப் பிரிப்பதும், உயர்நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு எல்லையை மாற்றுவதும் மாநில அரசு. அமர்வு நீதிமன்றம் வழக்கமாக எந்த ஊரில் கூடும் என்று அறிவிப்பது உயர்நீதிமன்றம். சாட்சிகளின் வசதிக்காக ஒரு வழக்கை மட்டும் அந்தப் பிரிவுக்குள் வேறோர் ஊரில் நடத்தவும் வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில் இருந்தது, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 8-ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு அரசுத் தரப்பும் எதிரியும் சம்மதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தை அந்தப் பிரிவு கேட்கவில்லை.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, கூட்டாட்சி விசாரணை நீதிமன்றங்கள் தனி. பிந்தியவற்றுக்காக நாடு 94 மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்துக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு. 1964-இல் அங்கே நெஷோபா கவுண்டியில் குடிமை உரிமைத் தொண்டர்கள் மூன்று பேர் கொல்லப்பட்டபோது மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. 1967-இல் மெரிடியன் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில்தான் ஏழு பேருக்குத் தண்டனை கிடைத்தது, அதுவும் குடிமை உரிமைகளைப் பறிக்கச் சதி செய்த குற்றத்துக்கு. நமக்கு அப்படி இரண்டு கதவுகள் கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம். ஆனாலும் அதை விசாரிப்பது மாநிலத்தின் அதே நீதிமன்ற வரிசைதான். அதனால் அந்த ஒரே கதவு எந்த ஊரில் இருக்கிறது என்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை.

பக்கத்தில் இருந்தால் நல்லது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. நீதிமன்றம் பக்கத்தில் இருந்தால் சாட்சியும் எதிரியின் சொந்தக்காரர்களும் ஒரே பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும். பின் இருக்கையிலிருந்து ஒருவர், "என்ன, இன்னைக்கும் கோர்ட்டா?" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுக் கூண்டில் ஏறுகிற அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்பது கூடவே போன எங்களுக்குத் தெரியும். பிறழ் சாட்சி என்று தீர்ப்பில் ஒரு வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள்.

மேலவளவு முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997-இல் வெட்டப்பட்டது, மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பியபோது. அந்த வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, 2001-இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கோகுல்ராஜ் கொலை வழக்கு நாமக்கல்லில் நடந்துகொண்டிருந்தது. அவருடைய தாயார் உயர்நீதிமன்றம் போய்ப் போராடிய பிறகு மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. இரண்டு வழக்கிலும் தூரம் நம் பக்கம் நின்றது. அந்தத் தூரத்தை வாய்தாவுக்கு வாய்தா கடந்தவர்கள் கூலி வேலை செய்கிற சனங்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மேல்முறையீட்டுக்கு மட்டும் தூரம் குறைந்திருக்கிறது. 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கும்வரை கான்சாபுரத்துக்காரர் ஒருவர் உயர்நீதிமன்றம் போக இரவு முழுக்கப் பயணம் செய்து சென்னையில் இறங்க வேண்டும். எதிரிக்குப் பிணை தரும்போது தன் பேச்சையும் கேட்க வேண்டும் என்ற உரிமை 15-ஏ பிரிவில் இருக்கிறது. சென்னைதான் என்றால் அந்த உரிமையை எத்தனை பேர் போய்ப் பயன்படுத்தியிருப்பார்கள்?

தூரத்தின் செலவை யார் தர வேண்டும் என்று 1995 விதிகளின் 11-ஆவது விதி சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படி, குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படி. பெண்களும் அறுபது வயதைக் கடந்தவர்களும் தாங்கள் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், அவருக்கும் படி உண்டு. உடனே, அதிகம் போனால் மூன்று நாளைக்குள் தந்தாக வேண்டும். ஓர் அலுவலகத்தில் எங்களிடம், "பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீ ஆச்சே, பயணப்படி எதுக்கு?" என்று கேட்டார்கள். பேருந்து இலவசம்தான். அன்றைக்குப் போன களையெடுப்புக் கூலியை யார் தருவது?

அதனால் இப்போதெல்லாம் சம்மன் வந்த அன்றைக்கே மனு எழுதிவிடுகிறோம். எந்த ஊரிலிருந்து எந்த நீதிமன்றத்துக்கு, எத்தனை பேர், துணைக்கு யார், அன்றைய கூலி எவ்வளவு என்று எல்லாமே அதில் இருக்கும். ஒரே பேருந்தில் போக பயமென்றால் வாகன வசதியும் அதே மனுவில் கேட்கிறோம், விதியில் அதற்கும் இடம் இருக்கிறது. டிக்கெட்டை ஆயாமார் சுருட்டிக் கீழே போட்டுவிடுவார்கள். கூடப் போகிற பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகலில் தேதி முத்திரை விழாமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.