புகைவழியே இறங்கும் தீ

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெண்புகை ஒன்று எழும். அது கலைவதற்குள், திரிக்கு இரண்டு அங்குலம் மேலே, எரியும் தீக்குச்சி ஒன்றைப் புகையில் காட்டிப் பாருங்கள். தீ புகைவழியே இறங்கி ஓடித் திரியில் உட்கார்ந்துகொள்ளும். கரண்ட் போன இரவுகளில் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் நான் விட்டதில்லை. இதற்குக் காற்று அசையாத அறை வேண்டும். ஃபேன் நின்றுபோன அறையைவிடத் தோதான இடம் ஏது?

மைக்கேல் ஃபாரடே இதை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்குச் செய்துகாட்டினார். 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டும் ஆறு சொற்பொழிவுகள். கொல்லர் மகன், புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகியவர், அப்போது 69 வயது. வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவில் நுழைத்து, மறுமுனையில் வந்த ஆவியைத் தனியே பற்றவைத்தார். எரிவது மெழுகல்ல, மெழுகின் ஆவி என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

எங்கள் பாட்டி அரிக்கேன் விளக்கில் பொழுதிருக்கவே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிடுவாள். எரிகிற விளக்கில் ஊற்ற யாரையும் விடமாட்டாள். அந்தக் கண்டிப்பின் காரணம் ஃபாரடேயைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கரண்ட் போனால் ஓட்டும் ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலுக்கு இது இன்னும் பொருந்தும். அது அறையின் சூட்டிலேயே ஆவியாகி நிற்கும் சாமான். ஜெனரேட்டரை நிறுத்தி, சைலன்ஸர் ஆறும்வரை காத்திருந்து ஊற்ற வேண்டும்.

ஆறாவது சொற்பொழிவில் ஃபாரடே மெழுகுவர்த்தியிலிருந்து மனிதனுக்கு வந்துவிடுகிறார். சுடர் செய்வதைத்தான் நம் மூச்சும் செய்கிறது, ஒரு மனிதன் ஒரு நாளில் 7 அவுன்ஸ் கரியை, கிட்டத்தட்ட 200 கிராமை, இப்படி எரித்து வெளியே விடுகிறான் என்று கணக்குச் சொல்கிறார். வாசித்த இரவு வெகுநேரம் என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். சுடரும் நாமும் ஒரே காற்றைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறோம். எஞ்சின் கூடச் சேர்ந்தால் பங்கு மோசமாகிவிடும். அதன் புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்ளும். தலை வலிக்கும், குமட்டும், தூக்கம் போல ஒன்று அழுத்தும்; தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ஜெனரேட்டரை மாடிப்படிக்குக் கீழேயும் ஜன்னல் ஓரத்திலும் வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. அது வீட்டைவிட்டுத் தள்ளி, திறந்த வெளியில்தான் நிற்க வேண்டும்.

இந்த ஃபாரடேயேதான் நம் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்கும் மூலவர். 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குலக் குறுக்களவில் ஓர் இரும்பு வளையம். அதன் இரு பக்கமும் தனித்தனியாகச் செம்புக் கம்பியைச் சுற்றினார். ஒரு சுற்றில் பேட்டரியை இணைத்த கணமும் துண்டித்த கணமும், மறுசுற்றின் கம்பிக்கு அருகே இருந்த காந்த முள் ஆடியது. இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. வளையத்தின் எந்தப் பக்கத்தை ஊட்டினாலும் மறுபக்கம் விழித்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரும் அப்படியே. 11,000 வோல்ட்டை இறக்கி நம் வீட்டுக்குத் தருவது அதன் வேலை. நம் பக்கத்திலிருந்து ஊட்டினால் அதே விகிதத்தில் மேலே ஏற்றியும் விடும்.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கம் உறவினர் வீட்டில் இருந்தேன். தென்னைகள் கம்பிகளின்மேல் கிடந்தன. டெல்டாவில் சாய்ந்த மின்கம்பங்கள் லட்சக்கணக்கில் என்றார்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் மின்வாரிய ஆட்கள் வந்து வேலை செய்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் ஈரோட்டுக்காரர். லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்பதற்கான எல்.சி. (லைன் கிளியர்) வாங்கியாகிவிட்டது, எர்த் ராடையும் கம்பியில் மாட்டியாகிவிட்டது, ஆனாலும் அவர் கம்பத்தில் ஏறவில்லை. தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, வாசல்தோறும் நின்று கேட்டார்: “ஏனுங்க, உங்கூட்டுல ஜெனரேட்டர் ஓடுதுங்களா?”

கடைசி வீட்டில் ஓடியது. வாடகை ஜெனரேட்டரிலிருந்து, இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டிய ஒயர் ஒன்றைச் சுவரிலிருந்த பிளக் பாயின்ட்டில் செருகியிருந்தார்கள். வீடு முழுக்க விளக்கெரிய அதுதான் சுருக்குவழி. மெயினை இறக்கவில்லை. வீட்டுக்காரப் பெரியவர் சொன்னார்: “எங்க வீட்டுக்கு மட்டுந்தானே தம்பி ஓடுது?”

“மெயினை எறக்காம உட்டா கம்பிக்கும் போகுமுங்கய்யா. நாங்க மேல இருப்போம்.”

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்ட எண்ணம் உள்ளவர் அல்ல. அந்த விளக்குக்கு அடியில் பேத்தி ஒருத்தி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஈரோட்டுக்காரர் அதட்டவும் இல்லை. ஜெனரேட்டர் நிற்கும்வரை காத்திருந்து, மெயினைத் தானே இறக்கி, ஒயரைச் சுருட்டிப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கம்பத்தில் ஏறினார். ஒரு மனிதன் தன் உயிரை முன்பின் தெரியாத அத்தனை வீடுகளின் மெயின் சுவிட்சை நம்பி ஒப்படைக்கிறான் என்பதை அன்று கீழே நின்று பார்த்தேன்.

இதற்கென்றே சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் போனால் இ.பி., மறுபக்கம் போனால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேரச் சேர வழியே கிடையாது. எலக்ட்ரிஷியனை வரவழைத்து அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, விளக்கு ஒன்றையும் ஃபேன் ஒன்றையும் ஜெனரேட்டரிலேயே நேராக மாட்டிக்கொண்டால் போதும். இருபுறமும் ப்ளக் வைத்த ஒயர் வீட்டில் எங்காவது கிடந்தால் இன்றே வெட்டிப் போட்டுவிடுங்கள்.