வெள்ளிக்கிழமைப் பயறு

அந்நிய நாட்டிற்குச் செல்வோர் பாஷையைப் பற்றிக் கவலைப்படுவர். பணத்தைப் பற்றிக் கவலைப்படுவர். வயிற்றைப் பற்றிய கவலை அங்கே போய் இறங்கிய பின்னரே பிறக்கும். 2011 ஆம் ஆண்டிலே பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் சென்ற எமக்கும் அவ்வாறே நேர்ந்தது. புறப்படும் வேளையில் எம் அன்னையார் மாத்திரம் ஒன்று சொன்னார். "எங்கே போனாலும் வெள்ளிக்கிழமையை மறவாதே" என்பதே அது. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் புசியாதிருத்தல் எமது குடும்ப வழக்கம். அன்னையாரின் உடல்நிலை அப்பொழுதே தளர்ந்திருந்தது. ஆகையால் அச்சொல்லை நாம் இலேசாக எண்ணவில்லை.

நாம் தங்கியிருந்த ஊர் லொஸ் பாஞோஸ். மணிலா நகருக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரத்தில், மக்கிலிங் மலையடிவாரத்தில் அமைந்தது. 1960 ஆம் ஆண்டிலே நிறுவப்பெற்ற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கின்றது. நெல்லைப் பற்றிக் கற்பதற்கென்று சில மாதங்கள் அவ்வூரிலே வாழ்ந்த எமக்கு, சோற்றைப் பற்றிக் கற்பித்தது ஒரு சிறிய உணவுக்கடை.

அத்தகைய கடைகளை அந்நாட்டவர் 'கரிந்தேரியா' என்பர். 'துரோ துரோ' என்றும் ஒரு பெயருண்டு. 'துரோ' என்றால் சுட்டிக் காட்டுதல். சமைத்த கறிகள் சட்டி சட்டியாக முன்னால் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். வேண்டியதை விரலாற் காட்டினாற் போதும்; சோற்றுடன் அது மேசைக்கு வந்துவிடும். பாஷை தெரியாத எம் போன்றோருக்கு இதனிலும் வசதியான ஏற்பாடு வேறு யாது?

நாம் சென்ற கடையில் நான்கு மேசைகளும் சில வாங்குகளுமே இருந்தன. அதனை நடத்தியவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். வாடிக்கைக்காரர் அனைவரும் அவரை 'நானாய்' என்றழைத்தனர். அச்சொல்லுக்கு அம்மா என்பது பொருள். எவர் உள்ளே நுழைந்தாலும், ஏற்கெனவே உண்டுகொண்டிருப்பவர்கள் தலை நிமிர்ந்து, "கயின் தாயோ" என்பார்கள். 'வாருங்கள், உண்போம்' என்பதே அதன் கருத்து. முன்பின் அறியாதவரிடமிருந்து அவ்வழைப்பைக் கேட்டபோது, நாம் ஊரைவிட்டு அதிக தூரம் வந்துவிடவில்லை என்றே தோன்றியது.

சாப்பாடும் அவ்வெண்ணத்தை வளர்த்தது. 'சினிகாங்' என்னும் புளிக்குழம்பிலே புளியம்பழத்தின் சுவை எம்மை எதிர்கொண்டது. தேங்காய்ப்பாலிற் சமைத்த பூசணியும் பயற்றங்காயும் எமது சொதியை நினைவூட்டின. 'அடோபோ' என்பது வினாகிரி, உள்ளி, மிளகு, சோயாச்சாறு ஆகியவற்றில் இறைச்சியை மெல்ல வேகவைத்துச் செய்வது. 1565 முதல் 1898 வரை அந்நாட்டை ஆண்ட ஸ்பானியர் அதற்குத் தம் மொழியிற் பெயரிட்டனர்; ஆயினும், வினாகிரியிலே சமைத்து வெப்பத்திற் கெடாது பேணும் முறை அவர்கள் வருமுன்னரே அம்மண்ணில் இருந்தது. இவ்வாறு பெயர் ஒருவருடையதும் பொருள் மற்றொருவருடையதுமாக இருத்தல் ஆளப்பட்ட நாடுகளுக்கெல்லாம் பொதுவானதுதானே!

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. சட்டிகளை உற்று நோக்கினோம். ஒன்றிலே பாவற்காய், கத்தரிக்காய், வெண்டிக்காய், பயற்றங்காய், பூசணி எல்லாம் கூடியிருந்தன. எம்மூர்த் தோட்டமொன்றைச் சட்டியிற் கண்டாற்போல் மகிழ்ந்து, அதனைச் சுட்டிக் காட்டினோம். இரண்டு வாய் உண்டதும் பல்லிலே ஏதோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால் பன்றியிறைச்சித் துண்டு! அக்கறியின் பெயர் 'பினக்பெத்' என்பதும், உப்பிட்டுப் பதப்படுத்திய கூனியிறால் விழுது அதில் தவறாது சேரும் என்பதும் எமக்குப் பின்னரே தெரியவந்தன.

அன்னையாரின் முகம் கண்முன் நின்றது. கரண்டியைக் கீழே வைத்தோம். ஒரு வார்த்தையும் பேசாமற் பணத்தை மேசைமீது வைத்துவிட்டு வெளியேறினோம். திரும்பிப் பார்த்தபோது, நானாய் எமது பீங்கானைக் கையிலேந்தியபடி, அந்தக் கறியிலே சிறிது எடுத்துச் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தம் சமையலில் என்ன பிழை என்று தேடுகின்றார் என்பது விளங்கியது. விளங்கியும் நாம் திரும்பிச் செல்லவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் அன்னையாரிடம் நடந்ததைச் சொன்னோம். விரதம் கெட்டதென்று வருந்துவார் என எதிர்பார்த்தோம். அவரோ, "தெரியாமல் உண்டது போகட்டும். சமைத்தவளிடம் ஒரு சொல் சொல்லாமல் ஏன் எழுந்து வந்தாய்? அவள் இன்றைக்கு நிம்மதியாக உறங்குவாளா?" என்று கேட்டார். எம்மிடம் மறுமொழி இல்லை.

மறுநாள், உடன் பயின்ற உள்ளூர் மாணவரொருவரைத் துணைக்கழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். அவர் எமது நிலையை எடுத்துரைத்தார். நானாய் முதலிற் புருவத்தைச் சுருக்கினார்; "பியெர்னெஸ்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்கு ஸ்பானியரிடமிருந்து பெற்ற பெயர் அது. ஆம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் கத்தோலிக்கர். தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை ஒதுக்கிச் சுத்தபோசனம் அனுசரிப்பது அவர்களுக்கும் வழக்கம். அதனையொட்டி, வெள்ளிக்கிழமையென்றால் முழுப்பயறு சமைப்பதும் அந்நாட்டிலே பரவிய பழக்கம். எம்மைப் பிறரிடமிருந்து பிரித்து வைப்பதென்று நாம் மறைத்த வெள்ளிக்கிழமையை, அவர் தம்முடையதாகவே அறிந்திருந்தார்!

ஒரு சிக்கல் மாத்திரம் எஞ்சியது. "மீனுமா கூடாது? மீன் இறைச்சியல்லவே!" என்று அவர் வியந்தார். அவர்களுடைய சுத்தபோசனத்தில் மீனுக்குத் தடையில்லை. பயற்றிலே புகையிட்ட மீனோ இறாலோ சேர்ப்பர். மாணவர் மீண்டும் விளக்கினார். கடையிலிருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அடுப்பின் ஓரத்திலே ஒரு சின்னஞ்சிறு சட்டி இருந்தது. உள்ளியும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, முழுப்பயற்றை அதிலே குழைய வேகவைத்து, இறக்குந் தறுவாயில் ஒரு கைப்பிடி பச்சிலை தூவியிருந்தார். மீனை உப்பிட்டு வடித்த 'பதிஸ்' என்னும் சாற்றுப் போத்தலை எமக்குக் காட்டி, அதனை அப்பால் நகர்த்திவிட்டு, உப்புச் சிரட்டையைத் தட்டிக் காட்டினார். இலையைச் சுட்டி, இது யாது என்று வினவினோம். "மலுங்கை" என்றார். முருங்கை! பெயரைக் கேட்டவுடனேயே உறவு விளங்கிவிட்டது. கரண்டியை விடுத்துக் கையால் உண்டோம். நானாய் அதனைக் கண்டு தலையசைத்து, கைகழுவ நீர் கொண்டுவந்து வைத்தார். அந்நாட்டவரும் கையால் உண்ணும் மரபினரே.

அதன் பின்னர் எமது பயிற்சி முடியும்வரை அச்சின்னச் சட்டி தவறியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை புயல்மழை பிடித்துக்கொண்டது. வீதியிலே முழங்காலளவு வெள்ளம். மழை தணிந்து நாம் சென்றபோது இரவு நெடுநேரமாகிவிட்டது. வாங்குகள் மேசைமீது கவிழ்க்கப்பட்டிருந்தன. பெரிய சட்டிகளெல்லாம் கழுவப்பட்டுவிட்டன. திரும்ப எத்தனித்தபோது, "அனாக்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிள்ளாய் என்பதே அது. ஒரு பீங்கான்மேல் மற்றொரு பீங்கான் மூடியிருந்தது. திறந்தால், ஆறிப்போன சோறும் பயறும். அவர் எதிரே அமர்ந்து, நாம் உண்டு முடியும்வரை அடுத்த நாளுக்கான உள்ளியை உரித்துக்கொண்டிருந்தார். அன்று நாம் பேசிய வார்த்தைகள் பத்துக்கூட இரா.

எம் அன்னையார் இப்பொழுது இல்லை. நானாய் எவ்வாறிருக்கின்றாரோ அறியோம். விரதம் காப்பவன் தன் நாவை மாத்திரம் காத்தாற் போதாது, பரிமாறிய கையின் மனத்தையும் காத்தல் வேண்டும் என்பதை ஒருவர் சொல்லால் உணர்த்தினார்; மற்றவர் ஒரு சின்னச் சட்டியால் உணர்த்தினார்.

இன்றும் எமது வீட்டிலே வெள்ளிக்கிழமைகளில் முழுப்பயறு வேகும்போது, முற்றத்து முருங்கையில் ஒரு கைப்பிடி இலை உருவிப் போடுகிறோம். விருந்தினர் எவரேனும் வருவதாயின், உலை வைக்குமுன்னர், "உங்களுக்கு ஆகாதது ஏதும் உண்டோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம்.