நாக்கு மீனும் ஒன்றரைக் கண்ணும்

போன ஞாயிற்றுக்கிழமை கேம்ப் சிவாஜி மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். புனே இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில். கடல், மலைக்கு அந்தப் பக்கம். மீன்கள் ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு மலையேறி வரும். தரங்கம்பாடிப் பக்கத்தில் துள்ளத் துள்ள மீன் தின்று வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் மானப் பிரச்சினைதான். என்ன செய்ய, சம்பளம் இங்கேதானே கொடுக்கிறார்கள் :-)

கூட மகளும் வந்திருந்தாள். வயது ஏழு. அவளுக்கு வலது கண்ணில் பார்வை மந்தம். டாக்டர் பாஷையில் சோம்பேறிக் கண். நன்றாக இருக்கும் இடது கண்ணை தினமும் ஆறு மணி நேரம் ஒட்டி மறைத்துவிட வேண்டும், அப்போதுதான் வலது கண் வேறு வழியில்லாமல் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆறு மணி நேரம் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் ஒட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அங்கே பிள்ளைகள் 'கடல் கொள்ளைக்காரி' என்று கூப்பிடுகிறார்களாம். ஒரு வாரமாக பிளாஸ்திரியைப் பார்த்தாலே அழுகை. தங்கமணி கெஞ்சி, நான் மிரட்டி, எதுவும் நடக்கவில்லை.

சரி, மீனுக்கு வருவோம். நான் வழக்கமாக வாங்கும் மாவ்ஷியின் பலகையில், பாம்ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓரமாக, பழுப்பு நிறத்தில் தட்டையாக ஒரு குவியல் கிடந்தது. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரிந்துவிட்டது. நாக்கு மீன்! மாவ்ஷி 'லேப்' என்றாள். கோழிக்கோட்டு நண்பன் இதையே மாந்தள் என்பான்.

மகள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கத்துல இருக்கு!" என்றாள். எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காரணம் இருக்கிறது.

ஐந்தாவது முதல் பத்தாவது வரை பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'நாக்கு மீன்'தான். எனக்கு மாறுகண். ஊரில் ஒன்றரைக் கண் என்பார்கள். கடலோரத்துப் பையன்கள் இல்லையா, பட்டப்பெயரும் கடலிலிருந்துதான் எடுப்பார்கள். வீட்டில் அம்மா நாக்கு மீன் வறுத்த நாட்களில் எல்லாம் நான் தொடாமல் எழுந்து போயிருக்கிறேன். இந்தக் கதை தங்கமணிக்கே தெரியாது. இப்போது படித்தால்தான் தெரியும்.

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாயங்காலம் முழுக்க அந்த மீனைப் பற்றித் தேடிப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் வந்த ஞானம்.

முதல் விஷயம், நாக்கு மீன் அப்படிப் பிறப்பதில்லை. முட்டையிலிருந்து வரும்போது மற்ற மீன்கள் மாதிரிதான், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு மேல்தண்ணீரில் நிமிர்ந்து நீந்துகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் வலது கண் மெல்ல நகர்ந்து தலையைக் கடந்து இடது பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு வலது பக்கத்தைத் தரையில் வைத்து ஒருக்களித்துப் படுத்துவிடும். ஆயுசுக்கும் அப்படித்தான். மேலே இருக்கும் பக்கம் சேற்று நிறம். கீழ்ப் பக்கம் வெளுத்துப்போய் இருக்கும், வெயிலே படாத உள்ளங்கால் மாதிரி. மார்புத் துடுப்பு கிடையாது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் ஓரமெல்லாம் ஓடி வாலோடு சேர்ந்துவிடும், புடவைக்குக் கரை கட்டின மாதிரி. வாய் கோணலாக வளைந்திருக்கும். மலபார்க் கடலில் கிடைக்கும் சின்ன வகை ஒரு சாண் நீளம்கூட வளராது.

இருப்பிடம், கரையோரக் கடலின் சேறும் மணலும். அதில் உடம்பைப் புதைத்துக்கொண்டு கிடக்கும். புழுக்களும் பொடி இறால் வகைகளும்தான் சாப்பாடு. அடியில் படுத்துக் கிடப்பவனுக்குத் தரையைப் பார்க்க ஒரு கண் எதற்கு? இரண்டும் மேலே இருந்தால்தான் பிழைப்பு. நாங்கள் கோணல் என்று சிரித்தது அதன் தொழில் சாமர்த்தியம்.

டார்வின் காலத்தில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்திருக்கிறது. 1871ல் மைவர்ட் என்பவர், பாதி தூரம் நகர்ந்த கண்ணால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டார். டார்வின் 1872ல் தன் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் பதில் எழுதினார். ஆனால் பாதி நகர்ந்த கண்ணோடு இருந்த பழைய மீன்கள் இவைதான் என்று ஆதாரத்தோடு காட்டியது 2008ல்தான். இத்தாலியில் கிடைத்த, சுமார் ஐந்து கோடி வருடத்துப் புதைபடிவங்களை ஆராய்ந்து ஃப்ரீட்மன் என்பவர் காட்டினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடலில் எருமை நாக்கு என்று ஒன்று உண்டு. நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம், உருவத்தில் பெரியது. அதன் ஒரு கண் இன்றைக்கும் தலையின் விளிம்பு வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் நம் ஊர் மீன்களை பெர்லினில் இருந்த ப்ளாக் என்பவருக்கு அனுப்பிவந்தார். ப்ளாக் 1799ல் இறந்துபோக, ஷ்னைடர் முடித்து 1801ல் வெளியிட்ட நூலில் எருமை நாக்குக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அது 'செட்டோடஸ் எருமெய்'. ஆமாம், நம்ம எருமையேதான்! என்னைக் கேலி செய்த பையன்களின் ஊர்ப் பேச்சு லத்தீனுக்குப் போயிருக்கிறது.

ராத்திரி மீனை வறுத்தோம். தலைப் பக்கம் கீறித் தோலை உரித்தால் சட்டை கழற்றுவது போல் ஒரே இழுப்பில் வந்துவிடும். மகளுக்கு நடுமுள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே மீனின் கதையைச் சொன்னேன். பிறகு என் பட்டப்பெயரையும் சொன்னேன். சிரித்தாள். அப்புறம், "இப்ப உங்க கண்ணு சரியாத்தானே இருக்கு?" என்றாள்.

அதற்கும் உண்மையைச் சொன்னேன். வேலை கிடைத்தபின் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்கிக்கொண்டேன். பார்க்கத்தான் நேர். பார்வை வரவில்லை. சின்ன வயதில் எனக்கு யாரும் பிளாஸ்திரி ஒட்டவில்லை. ஒட்டவேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இடது கண்ணை மூடினால், எதிரில் இருக்கும் அவள் முகம் எனக்கு வெறும் கலங்கல். மூடிக் காட்டி, "எத்தனை விரல்?" என்று கேட்கச் சொன்னேன். அவள் மூன்று காட்டினாள். நான் இரண்டு என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை ஒட்டிக்கொண்டு போனாள். செவ்வாய்க்கிழமை மறுபடி அழுகை. புதன்கிழமை போனாள். அவ்வளவுதான் இப்போதைக்கு நிலவரம்.

பி.கு.: முப்பது வருடம் கழித்து நாக்கு மீன் சாப்பிட்டேன். அம்மா அத்தனை தடவை கெஞ்சியது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.