இரண்டு நாற்காலி காலி



“இங்கிலாந்துல என்னென்ன பார்த்தீங்க டீச்சர்?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். லண்டனை இரண்டே நாளில் பார்த்தாகிவிட்டது. மகள் குடியிருப்பது ஒரு கிராமத்தில். அங்கே நான் விரும்பிப் போய் உட்கார்ந்து பார்த்தது பாரிஷ் கவுன்சில் கூட்டம். சிரிக்காமல் படியுங்கள்.

பாரிஷ் என்றதும் சர்ச் ஞாபகம்தான் வரும். முன்பு அப்படித்தான், ஊர்க் காரியத்தையும் சர்ச்சின் சபையே கவனித்து வந்தது. 1894-ல் வந்த சட்டம் சாமி காரியத்தை சர்ச்சிடம் விட்டுவிட்டு, ஊர்க் காரியத்தைத் தேர்தலில் வருபவர்களிடம் கொடுத்தது. கல்யாணமான பெண்களும் இதில் ஓட்டுப் போடலாம், தேர்தலில் நிற்கலாம் என்று அப்போதே வழி செய்தார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட அந்த நாட்டுப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 30 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்! சின்ன இடத்தில்தான் கதவு முதலில் திறக்கிறது.

அதிகாரம் என்று பார்த்தால் ரொம்பக் கொஞ்சம். பள்ளிக்கூடம், பெரிய ரோடு, குப்பை வண்டி எல்லாம் மேலே உள்ள கவுன்சில்களின் பொறுப்பு. இவர்களுக்கு பஸ் நிழற்குடை, பெஞ்சு, விளையாட்டுத் திடல், சில ஊர்களில் இடுகாடு, அப்புறம் காய்கறி போட ஊராருக்கு வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகள். இந்தத் தோட்டத்தை லேசாக நினைக்காதீர்கள். ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கேட்டால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். செலவுக்கு, வீடுகளுக்கான வரியோடு ஒரு சிறு தொகை சேர்த்து வசூலாகும். கிளார்க்குக்குச் சம்பளம் உண்டு, உறுப்பினர்களுக்குக் கிடையாது.

நான் போன அன்று உறுப்பினர்கள் ஐந்து பேர், கிளார்க் அம்மா, ஊர்க்காரர் ஒருவர், அவருடைய நாய், நான். ஒருவர் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டக் கேட்ட விண்ணப்பத்தை அரை மணி நேரம் பேசினார்கள். முடிவெடுப்பது மேலே உள்ள கவுன்சில். இவர்கள் அபிப்பிராயம் மட்டுமே சொல்லலாம். ஆனாலும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வெளிச்சம் மறையுமா என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தார்கள். எல்லா ஊரிலும் இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். செஷயர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் கவுன்சிலின் ஜூம் கூட்டச் சண்டையை 2021-ல் உலகமே பார்த்துச் சிரித்தது.

இவர்கள் செய்ததில் பெரிய வேலை எது என்றால் ஒற்றையடிப் பாதைகளைத்தான் சொல்வேன். பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 1949-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த வயலுக்குள் பாதை போகிறது, எங்கே வேலியைத் தாண்டப் படி இருக்கிறது என்று மேலதிகாரிக்கு எப்படித் தெரியும்? ஊர் ஊராகப் பாரிஷ் ஆட்கள்தான் நடந்து பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். வரைபடத்தில் ஏறிவிட்ட பாதையை நிலத்துக்காரர் தன் இஷ்டத்துக்கு அடைக்க முடியாது. விட்டுப்போன பாதைகளுக்கு இன்றைக்கும் பழைய ஆதாரம் தேடி அலைகிறார்கள். கோதுமை வயலுக்கு நடுவே நான் நடந்து போகிற போட்டோ போட்டிருந்தேனே, அது அப்படி வரைபடத்தில் உள்ள பாதை.

இப்போது கஷ்டம் என்னவென்றால், உட்கார ஆள் இல்லை. இருக்கும் இடங்களைவிட மனுச் செய்பவர்கள் குறைவாக இருந்தால் ஓட்டெடுப்பே நடக்காது. மீதி இடங்களுக்குக் கவுன்சிலே ஆள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். நான் போன ஊரில் ஏழு இடம், இரண்டு காலி. அறிவிப்புப் பலகையில் அந்தத் தாள் வெயிலில் மங்கிப்போய்த் தொங்கியது.

அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்ற இந்தியர்களும், காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இதில் உறுப்பினராகலாம். மகளிடம் சொன்னேன். “நேரம் எங்கம்மா இருக்கு, என்னை யார் சேர்த்துக்குவாங்க?” என்றாள். மாதம் ஒரு சாயங்காலம்தானே என்று நானும் விடவில்லை. கிளார்க் அம்மாவுக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறாளாம், இன்னும் அனுப்பவில்லையாம். நேற்று போனில் சொன்னாள்.