நெல்லுக்கு ஏன் போர்வை?

எங்கள் வீட்டு நடு அறையில் எப்போதும் நெல் மூட்டை இருக்கும். பெரும்போகம் வெட்டி முடிந்ததும் உன்னிச்சைப் பக்கத்து வயலிலிருந்து பதினைந்து மூட்டை வந்து சுவரோரம் அடுக்கப்படும். வருகிறவர்கள் அதில் சாய்ந்துதான் கதைப்பார்கள். சின்ன வயதில் ஒளித்துப் பிடித்து விளையாட அதைவிட நல்ல இடம் எங்களுக்குக் கிடையாது.

நாடே தட்டுப்பாட்டில் கிடந்த 2022 நோன்பு காலத்தில் அந்த மூட்டைகளுக்கு மேல் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துப் போட்டேன்.

உம்மா பார்த்துவிட்டுக் கேட்டா: "நெல்லுக்கு ஏன் மகன் போர்வை? அதுக்கும் குளிருதா?"

தூசி என்றேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. நெல்லே தூசிதானே.

எங்கள் ஊரான ஏறாவூரில் நெல் எடுத்து வைப்பது பேராசையில் வந்த பழக்கமல்ல. 1990 ஆகஸ்ட் 11 இரவு விடுதலைப் புலிகள் ஊருக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். அதன் பிறகு வயல் இருந்தும் போக முடியாத போகங்கள் எத்தனையோ. வீட்டில் நெல் கிடந்தால்தான் உம்மாவுக்கு நித்திரை வரும். அதே உம்மாதான் ஒவ்வொரு நாளும் உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து வேறொரு பானையில் போடுவா. அது கேட்டு வருகிறவர்களுக்கு. இரண்டும் ஒரே கைதான்.

பதுக்குகிறவனைப் பாவி என்று சொல்லும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபியவர்கள் தம் குடும்பத்துக்கு ஒரு வருடத்து உணவை எடுத்து வைத்த செய்தி ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. அந்த வருடம் எனக்கு இரண்டாவதுதான் அடிக்கடி ஞாபகம் வந்தது.

அரசாங்கமும் அதற்கு முந்தைய வருடத்திலிருந்தே பதுக்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்ட் 30 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவசரகால விதிமுறைகளைக் கொண்டுவந்தார்; ஒரு மேஜர் ஜெனரலை அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக நியமித்தார்; சீனிக் களஞ்சியங்களுக்குச் சீல் வைத்தார்கள். கட்டுப்பாட்டு விலை போட்டால் சாமான் கடையிலிருந்து மறையும் என்பது சந்தைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வருடம் மே மாதம்தான் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியிருந்தார்கள். அடுத்த பெரும்போக விளைச்சல் நாடு முழுவதும் மூன்றிலொரு பங்குக்கும் மேல் விழுந்தது. விளைந்த கொஞ்சத்தை விற்காமல் வீட்டில் வைத்த கமக்காரனைப் பதுக்கல்காரன் என்று சொல்ல என் நா எழாது. விலை ஏறட்டும் என்று ஆலையில் பூட்டி வைத்தவனின் கதை வேறு.

நான் கமக்காரனுமில்லை, ஆலைக்காரனுமில்லை. மாதச் சம்பளக்காரன். பால்மாவுக்கு வரிசை தொடங்கும் முன்பே தெரிந்த கடையொன்றில் பின்பக்கமாக ஆறு பெட்டி வாங்கி அலுமாரியில் வைத்தவன். எங்கள் வீட்டில் பால்மா குடிக்கிற வயதில் பிள்ளையே இல்லை, எல்லாரும் தேத்தண்ணிக்காரர்கள். அந்த ஆறு பெட்டி வேறு யாருடைய கையில் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருப்பதற்குத்தான் அலுமாரிக்குப் பூட்டு. கேட்கிறவர்களுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம். இருப்பது தெரியாவிட்டால் கேட்கவே மாட்டார்கள்.

ஒரு நாள் அஸருக்குப் பிறகு பின் வளவுப் பெண் வந்தா. இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை, கையில் வெறும் சுண்டு.

"ஒரு சுண்டு அரிசி இரிக்கா மாமி? கிழமைக்குள்ள தாறன்."

உம்மா சுண்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கொத்தால் இரண்டு முறை அள்ளி அவவின் முந்தானையில் கொட்டினா. பிறகு நடு அறைக்குப் போய் விரிப்பை இழுத்து மடித்து என் கையில் தந்தா.

பிள்ளை விரலைச் சூப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அலுமாரிச் சாவி என் சாரன் மடிப்பில் இருந்தது.