23-ஐ 5-ஆல் வகுத்தால்

பேகம்பேட்டில் வாடகை அறையொன்றில் தங்கி முனைவர் பட்ட ஆய்வை முடித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவருக்கு, மூத்த ஆய்வாளர் விட்டுச்சென்ற நாற்பது நிரல்கோப்புகள் வந்துசேர்ந்தன. குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளைத் தொகுக்கும் அவை அனைத்தும் பைத்தான் 2-இல் எழுதப்பட்டவை. அப்பதிப்பிற்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது. அவருடைய புதிய கணினியில் ஒரு கோப்பும் ஓடவில்லை.

ஒவ்வொன்றையும் கையால் திருத்துவதைவிட, பைத்தானுடன் நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த ‘டூ டு த்ரீ’ என்னும் கருவியைப் பயன்படுத்த எண்ணினார். 2024-இல் வெளிவந்த 3.13 பதிப்பில் அக்கருவியே நீக்கப்பட்டிருந்தது. ஆகவே சற்றுப் பழைய பதிப்பொன்றை நிறுவிக்கொண்டார். அக்கருவி நிரலை இலக்கண மரமாகப் பகுத்து வாசிக்கும். எந்த அமைப்பைக் கண்டால் எதுவாக மாற்றவேண்டும் என்பதைச் சொல்லும் சிறு விதி ஒவ்வொன்றும் ஒரு செருகுநிரல். அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி இடும் விதியை மாதிரியாகக் கொண்டு, தம் கோப்புகளுக்கென இரண்டு விதிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார். ஒரே மாலையில் நாற்பது கோப்புகளும் பிழைச்செய்தியின்றி ஓடின.

ஆனால் அட்டவணையின் எண்கள் மாறியிருந்தன.

காரணம் வகுத்தற்குறி. பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் உதிர்ந்துவிடும். 5 வீடுகளில் 23 பேர் எனில் சராசரி 4. பைத்தான் 3-இல் அதுவே 4.6. குறியின் இருபுறமும் இருப்பவை முழு எண்களா, பின்ன எண்களா என்பது நிரல் ஓடும்போதே புலப்படும். ஆதலால் கருவி அக்குறியைத் தொடுவதில்லை. குடும்பத்தின் அளவு குறைவாகக் கணக்கிடப்பட்டதால், பழைய அட்டவணையில் தலைக்குரிய வருமானம் உயர்ந்து நின்றது. அவ்வட்டவணையைக் கொண்டே அவர் ஓர் இயலை எழுதி ஒப்படைத்திருந்தார்.

எளிய வழியொன்று இருந்தது. எல்லா வகுத்தற்குறிகளையும் இரட்டைச் சாய்கோடாக மாற்றும் மூன்றாவது விதியை எழுதினால், பழைய எண்களே மீண்டும் வரும், எவரும் அறியமாட்டார்கள். அன்றிரவு அவ்விதியை எழுதவும் செய்தார். இயக்கவில்லை.

அதே பேகம்பேட்டில்தான் நிஜாமியா வானாய்வகம் இருந்தது. 1887-இல் பாரிசில் தொடங்கிய விண்மீன் அட்டவணைத் திட்டத்தில், தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான வான்பட்டை அதற்கு உரியதாயிற்று. விண்மீன்கள் நகர்பவை, அங்கு அளக்கப்பட்ட இடங்கள் இன்று பொருந்தா. எனினும் எவரும் பழைய அளவுகளை அழித்துத் திருத்தவில்லை. அளவோடு அதன் காலமும் குறிக்கப்பட்டிருந்தமையால், 2000-இல் வெளியான டைக்கோ-2 பட்டியல், அத்திட்டத்தின் அளவுகளைப் புதியவற்றோடு ஒப்பிட்டு ஏறத்தாழ 25 லட்சம் விண்மீன்களின் நகர்வைக் கணிக்க முடிந்தது. பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே நின்றதனால் பிறந்த அறிவு அது.

மறுநாள் அவர் நெறியாளரிடம் இரண்டு பத்திகள் கொண்ட தாளொன்றை நீட்டினார்: இடப்புறம் பழைய எண்கள், வலப்புறம் புதியவை. இயல் திருத்தி எழுதப்பட்டது. மூன்று மாதம் கூடுதலாகப் பிடித்தது. மூன்றாவது விதி இப்போதும் அக்கோப்புறையில் இருக்கிறது. அது எதையும் மாற்றுவதில்லை. வகுத்தற்குறி வரும் ஒவ்வொரு வரியின் எண்ணையும் அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது.